யசீகரன் தள்ளிவைத்த தை மாதங்கள்

ஒக்லாந்தின் ஒடாஹுஹு ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு கார் பரிசோதனைக் கொட்டகை இருக்கிறது. தமிழர்கள் அங்கே கார் கொண்டுபோனால் தெருவில் நின்றபடியே எட்டிப் பார்ப்பார்கள். இன்றைக்கு யசீகரன் வேலைக்கு வந்திருக்கிறாரா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது. வந்திருந்தால் சத்தம் போடாமல் காரைத் திருப்பிக்கொண்டு பாப்பாடொய்டொய் பக்கம் வேறு கொட்டகைக்குப் போய்விடுவார்கள்.

அவர்களைக் குறைசொல்ல முடியாது. "வொஃப்" என்று எல்லோரும் சொல்லும் தகுதிச் சான்றிதழ் கண்ணாடியில் ஒட்டியிருக்காவிட்டால் இந்த நாட்டில் கார் ஓட்ட இயலாது. பதினான்கு வருடமாக அதை ஒட்டுகிற கை யசீகரனுடையது. ஒட்டாமல் விடுகிற கையும் அதுதான். ஊர்க்காரன், மனைவி வழிச் சொந்தம், ஒரே கோயிலில் சாமி தூக்குகிறவன் என்ற உறவெல்லாம் அந்தக் கொட்டகை வாசலோடு சரி. போன வருடம் கோயில் ஐயரின் வானையே பின் பிறேக் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர். அதற்குப் பிறகு ஐயர் அவருக்கு விபூதி கொடுக்கும்போது விரல் கொஞ்சம் இறுகுவதாக ஒரு பேச்சு உண்டு.

தோற்ற கார்க்காரருக்கு யசீகரன் ஒரு தாள் எழுதிக் கொடுப்பார். பிழைகள் வரிசையாக அதில் இருக்கும். இருபத்தெட்டு நாளுக்குள் திருத்திக் கொண்டுவந்தால் மறுபடி காசில்லாமல் பார்ப்பார்கள். இருபத்தொன்பதாம் நாள் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. "தம்பி, ரெண்டு நாள் கூட்டிப் போடுமன்" என்று கெஞ்சாதவர்கள் குறைவு. ஒருவருக்கும் ஒரு நாள்கூட அவர் கூட்டிப் போட்டதில்லை.

போன மாதம் சபாரத்தினம் தன் நிஸானோடு வந்தார். எழுபத்தொரு வயது மனிதர், இருபத்தெட்டு வயது கார். யசீகரன் காரை உயர்த்தி, அடியில் நின்று டோர்ச் அடித்து, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவது தட்டுக்குச் சுத்தியல் துருப்பிடித்த தகட்டுக்குள்ளே போய்விட்டது.

"ஐயா, இது கார் இல்லை, கறள். போன முறையும் இதைத்தான் சொன்னனான்."

"போன முறை எழுநூறு டொலர் குடுத்து ஒட்டுப்போட்டனான் தம்பி. அதுக்கு முதல் ஐந்நூறு. இப்ப விட்டால் அந்தக் காசெல்லாம் வீணாப் போயிடுமெல்லே?"

யசீகரன் டோர்ச்சை அணைத்தார். இந்த இடத்தில் அவர் வழமையாகச் சொல்லும் வார்த்தைகள் அந்தக் கொட்டகையில் பிரசித்தம்.

"ஐயா, அந்தக் காசு போயிட்டுது. அது திரும்ப வராது. இனிக் கேள்வி ஒண்டுதான்: இண்டைக்கு இதுக்கு என்ன விலை? பழைய இரும்புக்காரன் இண்டைக்கு முந்நூறு தருவான். அடுத்த வருசம் இழுத்துக்கொண்டு போறதுக்கு நீங்கள்தான் அவனுக்குக் குடுக்கவேணும். வித்துப்போட்டு ரயிலில போங்கோ."

சபாரத்தினம் காரின் முதுகைத் தடவிக்கொண்டு கண்கலங்கினார். யசீகரன் தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த காரைக் கூப்பிட்டார்.

இவ்வளவு தெளிந்த புத்தியுள்ள மனிதரின் போனுக்குள், மூன்றரை வருடமாக, சபாரத்தினத்தின் நிஸானைவிட மோசமாகத் துருப்பிடித்த ஒரு சாமான் கிடந்தது. அது அமெரிக்காவில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பங்கு. இல்லை, பங்குகூட இல்லை. பங்கை வாங்குவதற்கான உரிமை. காணி ஒன்று பிடித்துப்போய், "இன்ன திகதிக்குள் இன்ன விலைக்கு நான்தான் வாங்குவேன்" என்று முற்பணம் கட்டி வைப்பதுபோல. காணி விலை ஏறினால் யோகம். ஏறாமல் திகதி முடிந்தால் முற்பணமும் இல்லை, காணியும் இல்லை. ஆங்கிலத்தில் இதை ஒப்ஷன் என்கிறார்கள். இரண்டு வருடம்போல நீண்ட தவணை உள்ளவையும் உண்டு. அந்த நீண்ட தவணைதான் யசீகரனுக்குப் பிடித்துப்போனது.

அந்த நிறுவனம் செய்வது பறக்கும் டாக்சி. விளம்பரப் படத்தில் மிக அழகாகப் பறந்தது. பின் நம்பர்த் தகட்டுக்கு மேலே லைற் எரியவில்லை என்று ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் காரைத் திருப்பி அனுப்பிய யசீகரன், அடியில் போய் நின்று பாராத, ஒரு தரமும் ஆளை ஏற்றாத ஒரு வாகனத்தை நம்பி, இருபத்திரண்டாயிரம் டொலரைக் கட்டினார்.

அதுவும் அவருடைய காசல்ல. சோபனாவின் காசு.

சோபனா அவருடைய மனைவி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் பதினொரு வருடம் தாதியாக இருந்தவர். ஒக்லாந்துக்கு வந்த பிறகு அந்தப் பதினொரு வருடத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இங்கே தாதியாகப் பதிய வேண்டுமென்றால் ஆங்கிலச் சோதனை, எழுத்துப் பரீட்சை, பிறகு கிறைஸ்சேர்ச்சுக்குப் போய்ச் செய்முறைப் பரீட்சை என்று படிப்படியாக ஏற வேண்டும். அதற்குக் காசு வேண்டும், வேலைக்குப் போகாமல் படிக்க நாள் வேண்டும். எனவே அவர் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்தார். கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்தார். ஒரு நாள் ஒரு கிழவியின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டவுடனேயே நெஞ்சில் நீர் கட்டுகிறது என்று சோபனாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை. இருபத்துநாலு வயதுத் தாதிப் பெண்ணிடம் போய், "நேரம் கிடைக்கேக்க ஒருக்கா வந்து பாக்கிறீங்களா?" என்று பணிவாகக் கேட்டுவிட்டு, அவள் தேநீர் குடித்து முடிக்கும்வரை கதவடியில் நின்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதார். யசீகரனும் கூட இருந்து அழுதார். அழுததில் பொய் இல்லை.

அந்தக் காசைத்தான் சோபனா அவரிடம் கொடுத்து, "ரெண்டு வருசத்துக்கு வங்கியில நிலையான வைப்பில போட்டு விடுங்கோ. அதுக்குள்ள நான் படிச்சுப்போடுவன்" என்றார். யசீகரன் ஓம் என்றார்.

வங்கிக்குப் போக இருந்த கிழமையில்தான் ஒரு பிறந்தநாள் விழாவில் ஜனார்த்தனைச் சந்தித்தார். நகரின் வடகோடி ஆல்பனியில் கணினி வேலை பார்க்கும் ஜனார்த்தன் முப்பத்தெட்டு வயதிலேயே இரண்டு வீட்டுக்காரன். கொத்துரொட்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நீண்டகால ஒப்ஷனை விளக்கிய விதம் யசீகரனுக்கு ஒரு புராணப் படிப்புக் கேட்டதுபோல இருந்தது. அவருடைய மூளை அதில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது: இதற்கும் ஒரு முதிர்வுத் திகதி இருக்கிறது. நிலையான வைப்புக்கு இரண்டு வருடம், இதற்கும் இரண்டு வருடம். வங்கியில் திகதி வந்தால் காசு தருவார்கள், இங்கே திகதி வந்தால் காசை எடுத்துக்கொள்வார்கள் என்ற சின்ன வித்தியாசம் அவருக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. யாழ்ப்பாணத்து மனுசனுக்கு முதிர்வு என்ற சொல்லைக் கேட்டால் போதும், நிம்மதியில் பாதி நித்திரை வந்துவிடும்.

சோபனாவிடம் சொல்லாததற்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. நாவூறு, அதாவது ஊர் வாய் பட்டுவிடும் என்ற பயம். நம் ஆட்கள் விசா கிடைக்கும்வரை விசாவைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். வீடு எழுதி முடியும்வரை வீடு பார்ப்பதையே மறைப்பார்கள். வயிறு தெரிந்த பிறகுதான் பிள்ளைத்தாய்ச்சி என்று அறிவிப்பார்கள். முடிந்த பிறகு சொல்லலாம் என்பது இங்கே அரைவாசி மதம். யசீகரனும் முடிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தார். இருபத்திரண்டு நாற்பதாகியதும் அதைச் சோபனாவின் கையில் வைத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசையில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இந்த நீண்டகால உரிமைகள் பெரும்பாலும் தை மாத நடுப்பகுதியில் முடிவடைபவை. அமெரிக்காக்காரனுக்குத் தைப்பொங்கல் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பொங்கலை ஒட்டியே அந்த வெள்ளிக்கிழமை வந்து நிற்கும். தவணை முடிகிற முதல் தை நெருங்கியபோது இருபத்திரண்டாயிரம் ஆறாயிரமாகியிருந்தது. மனுரேவா வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் காஸ் அடுப்பு வைத்துப் பொங்கிக்கொண்டிருந்த காலையில், பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று சோபனா பார்த்தார். யசீகரன் போனைப் பார்த்தார்.

அதற்கு இரண்டு மாதம் முந்தியே ஜனார்த்தன் வழி சொல்லியிருந்தான். அவன் நடத்திய வட்ஸ்அப் குழுவில் இருபத்தேழு பேர். "நட்டத்தில ஒருநாளும் விக்கக்கூடாது. ரோல் பண்ணுங்கோ" என்று அதில் எழுதியிருந்தான். ரோல் என்றால் தள்ளிவைப்பது. பழைய உரிமையில் மிஞ்சியதை விற்று, கையிலிருந்து இன்னும் கொஞ்சம் போட்டு, அடுத்த தைக்கு முடிகிற புதிய உரிமையை வாங்குவது. யசீகரன் தன் மேலதிக நேரச் சம்பளத்தில் மூவாயிரம் போட்டுத் தள்ளினார். தள்ளிய அன்றைக்கு மனதில் ஒரு பாரம் இறங்கியது. நட்டம் அப்படியே இருந்தது; அதைப் பார்க்க வேண்டிய நாள்தான் ஒரு வருடம் தூரப் போயிருந்தது. அது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அடுத்த வருடமும் மூவாயிரம் போட்டுத் தள்ளினார்.

காசை மட்டும் தள்ளினால் போதாதே. காசு கேட்கிற ஆளையும் தள்ள வேண்டும். முதல் தைக்கு முன்னர் சோபனா ஆங்கிலச் சோதனைக்குப் பதியப்போனபோது, "விதியெல்லாம் மாத்தப்போறாங்களாம். ஒரு வருசம் பொறும். அவசரப்பட்டு ஏன் காசைக் கரைக்கிறீர்?" என்றார். காசைக் கரைப்பது பற்றிச் சொல்ல அவருக்கு அப்போது எவ்வளவு தகுதி இருந்தது என்பது அவருக்கும் அந்த போனுக்கும்தான் தெரியும். இரண்டாவது தைக்கு முன்னர் மகள் ராகவி ஆல்பனியில் பல்கலைக்கழகம் போகத் தொடங்கியிருந்தாள். "பிள்ளைக்கு முதல் வருசம். தாய் பக்கத்தில நிக்கவேணும்" என்றார். பிள்ளை ஆல்பனியிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தாய் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் முதலில் ஓடியிருப்பவள் அவள்தான்.

சோபனா இரண்டு தரமும் "சரி, பாப்பம்" என்றார். மனைவி எவ்வளவு புரிந்துகொள்கிறவள் என்று யசீகரன் மனதுக்குள் மெச்சினார்.

இந்த ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது சோபனா பிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடதாசியை வைத்தார்.

"இஞ்சேருங்கோ, இதை ஒருக்கா வாசியுங்கோ."

யசீகரன் வாசித்தார். ஆங்கிலச் சோதனையில் சித்தியடைந்திருக்கிறார். எழுத்துப் பரீட்சையும் சித்தி. கார்த்திகையில் கிறைஸ்சேர்ச்சில் செய்முறைப் பரீட்சைக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டணம் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"எப்ப படிச்சனீர்?"

"வேலையிலதான். கிழவியள் பின்னேரம் படுக்கிற நேரம். மேலதிகமா ரெண்டு சனிக்கிழமை செய்து சோதினைக் காசைக் கட்டினனான்." சோபனா சிரித்தார். நாற்பத்தேழு வயதுக்காரி வகுப்பில் முதலாம் பிள்ளைபோலச் சிரித்தார். "பாஸ் பண்ணின பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். நாவூறு பொல்லாததெல்லே."

யசீகரனுக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. அந்த ஒரு நிமிடம் கலப்படமில்லாத சந்தோசம். எழும்பி மனைவியின் தலையில் கைவைத்தார். அதற்குள் சோபனா அடுத்ததைச் சொன்னார்.

"பரீட்சைக் காசு, பிளேன், அங்கை ஒரு கிழமை தங்கிறது எல்லாமாச் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் இப்ப வேணும். மிச்சத்தில நான் ஒரு மூண்டு மாதம் அரை நேரம் வேலை செய்துகொண்டு படிக்கலாம். வைப்புக் காசை எடுத்துத் தாங்கோ."

யசீகரனின் கை மனைவியின் தலையிலேயே இருந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஓம், எடுக்கிறன்" என்றார். பிறகு காரில் எதையோ விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு வெளியே போனார். காருக்குள் இருந்து கதவைச் சாத்திவிட்டு ஜனார்த்தனுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி ஜனா, அந்தப் பறக்கிற டாக்சி. இப்ப என்ன செய்வம்? நீ உன்ரயை என்ன செய்யப்போறாய்?"

மறுபக்கத்திலும் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"யசி அண்ணை, நான் அதை முதல் தைக்கு முன்னமே வித்துப்போட்டன்."

"நட்டத்தில விக்கக்கூடாது எண்டு நீதானே எழுதினனீ?"

"அது பொதுவா எழுதினது அண்ணை. எனக்கு முப்பது வீதம் நட்டம். மிஞ்சினதை எடுத்துப் பின்வளவில ஒரு சின்ன வீடு கட்டினன். வாடகைக்குப் போயிருக்கு."

"ஏன்ரா சொல்லேல்லை?"

"சின்ன வீடெண்டாலும் நாவூறுதானே அண்ணை. பிறகு, குறூப்பில எல்லாரும் நம்பிக்கையா இருக்கினம். நான் வித்திட்டன் எண்டால் பயந்திடுவினம்."

"எல்லாரும் எண்டால்? இன்னும் எத்தினை பேர் வைச்சிருக்கினம்?"

ஜனார்த்தன் உள்ளுக்குள் எண்ணினான். எண்ணுவதற்கு அவனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"நீங்கள் இருக்கிறியள். மவுன்ற் ரொஸ்கிலில ஒரு அண்ணை இருந்தவர். அவர் போன மாதம் குறூப்பை விட்டுப் போட்டார்."

யசீகரன் போனை மடியில் வைத்தார். மூன்று வருடமாகத் தினமும் காலையில் அந்தக் குழுவில் யாராவது ஒருவர் பறக்கும் டாக்சிச் செய்தியைப் போடுவார்கள், அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் வரும். கூட்டத்தோடு இருக்கிறோம் என்ற தைரியத்தில் அவர் இருந்தார். விற்றவன் எல்லாம் கைகூப்பியிருக்கிறான். பூசையில் உண்மையாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால், கொட்டகையில் சபாரத்தினத்திடம் அத்தனை கெட்டிக்காரத்தனமாகக் கதைத்த ஒரு மனிதன் மேல்தான் வந்தது.

அடுத்த நாள் காலை ஏழேகாலுக்கு மனுரேவாவில் ரயில் ஏறினார். குளிர்காலத்தில் நமக்குக் காலை எட்டு மணிக்குத்தான் நியூயோர்க்கில் பங்குச் சந்தையை மூடுகிறார்கள். ஆகவே யசீகரன் தினமும் இந்த ரயிலில் தன் நட்டத்தைப் பார்த்தபடிதான் வேலைக்குப் போவார். போனைத் திறந்தார். போட்டது இருபத்தெட்டாயிரம். இருப்பது மூவாயிரத்து நானூறு. சிவப்பில் எண்பத்தெட்டு வீதம்.

குழுவில் புதிய செய்தி ஒன்று இருந்தது. டாக்சிக்கு ஏதோ ஒரு நகரத்தில் ஏதோ ஒரு அனுமதி கிடைக்கலாமாம். கீழே ஏழு கைகூப்பல். பங்கு நேற்றைக்கு நாலு வீதம் ஏறியும் இருந்தது. யசீகரனின் நெஞ்சு பழைய பழக்கத்தில் ஒருமுறை எழும்பியது. வெள்ளிக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறதே. திங்கள் வரை பார்த்தால் என்ன? இல்லாவிட்டால் சோபனாவிடம், கார்த்திகையில் இல்லாமல் தை கழியப் பரீட்சை எடும் என்று...

"தம்பி! நீரோ?"

புஹினுய் நிலையத்தில் ஏறியவர் சபாரத்தினம். பக்கத்தில் வந்து இருந்தார். மிடில்மோர் ஆஸ்பத்திரியில் கண் பார்க்க எட்டு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்களாம். கிழவர்களுக்கு ஒன்பது மணிக்குப் பிறகுதான் ரயில் இலவசம் என்பதால் தன்னிடம் காசு பிடுங்கிவிட்டார்கள் என்று முதலில் அரசாங்கத்தைத் திட்டினார்.

"கார் என்ன ஐயா செய்தனீங்கள்?" யசீகரன் போனைக் கவிழ்த்தார்.

"நீர் சொன்னபடி குடுத்திட்டன். முந்நூறு தந்தவன். அதை இழுத்துக்கொண்டு போகேக்க அழுகை வந்தது தம்பி, பொய் சொல்லமாட்டன். பிறகு அந்த முந்நூறில ஒரு பிரியாணி வாங்கித் திண்டன். சரியாப் போச்சு." அவர் வயிற்றைத் தட்டினார். "மனுசியும் சொன்னவ, காருக்காகச் செலவழிக்கேல்லை, உங்கட வீம்புக்குத்தான் செலவழிச்சனீங்கள் எண்டு. நீர் அண்டைக்கு முகத்துக்கு நேர சொன்னபடியால் தப்பினன். உம்மட காசெண்டால் நீர் ஒரு நிமிசமும் யோசிச்சிருக்கமாட்டீர் எல்லே?"

"ஓம் ஐயா" என்றார் யசீகரன். அது அன்றைய நாளின் முதல் பொய்.

மிடில்மோரில் ரயில் நின்றது. சபாரத்தினம் இறங்கினார். அவரோடு நீலச் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பத்துப் பதினைந்து தாதிமார் இறங்கினார்கள். யசீகரன் பதினான்கு வருடமாக இந்த நிலையத்தைக் கடந்து போகிறார். இந்தப் பெண்களை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர் கண் எப்போதும் போனில். இன்றைக்குப் பார்த்தார். அதில் இரண்டு பேர் சோபனாவின் வயது. ஒருத்தி நம்மூர் முகம். தோளில் பையோடு அவசரமாகப் படியேறினாள். தான் சொன்னால் நாலு பேர் கேட்கிற இடத்துக்குப் போகிறவளின் நடை அது. இரண்டு வருடத்துக்கு முன்னரே சோபனா அந்தப் படியில் ஏறியிருக்கலாம்.

கதவு மூடியது. யசீகரன் போனை நிமிர்த்தினார். இண்டைக்கு இதுக்கு என்ன விலை? மூவாயிரத்து நானூறு. அடுத்த தைக்கு? அவருக்குத் தெரியும். எப்போதோ தெரியும். விற்பதற்கான பொத்தானை அழுத்தினார். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. இரண்டாந்தரம் அழுத்தினார். ஒடாஹுஹுவில் இறங்கினார். அன்றைக்குக் கொட்டகைக்கு வந்த முதல் மூன்று கார்களும் சித்தியடைந்தன. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குக் காய்ச்சலோ என்று கேட்டார்கள்.

பின்னேரம் வீட்டுக்குப் போனபோது சோபனா வேலைச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நின்றார். யசீகரன் சப்பாத்தைக் கழற்றாமல் நடுவில் நின்று சொன்னார்.

"உம்மட காசு வங்கியில இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

சோபனா அழவில்லை, கத்தவில்லை. நோயாளியிடம் ஒரு தாதி கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்ப தொடக்கம்? எவ்வளவு? எத்தினை தரம் தள்ளினியள்? இப்ப என்ன மிச்சம்? யசீகரன் ஒவ்வொன்றுக்கும் மறைக்காமல் பதில் சொன்னார். இஸ்திரிப்பெட்டி சீருடையின் கைமடிப்பில் ஒரே இடத்தில் நின்றது. துணி கருகும் மணம் வந்த பிறகுதான் சோபனா அதை எடுத்தார்.

"மூவாயிரத்து நானூறு. அப்ப கிறைஸ்சேர்ச்சுச் செலவுக்குக் காணும்."

"காணும். திங்கட்கிழமை கைக்கு வரும். உடன கட்டலாம்." யசீகரனுக்கு மூச்சு வந்தது. "மிச்சக் காசு போனது போனதுதான். நான் வேலை செய்து..."

"அப்ப விதி மாறப்போகுது எண்டு சொன்னது?"

யசீகரன் நிலத்தைப் பார்த்தார்.

"ராகவிக்குப் பக்கத்தில நிக்கச் சொன்னது?"

"ஓம்" என்றார், காதில் விழாத குரலில்.

"காசு போனதுக்குப் பரவாயில்லை எண்டு நான் சொல்லுவன் எண்டு நினைக்காதேங்கோ. அது என்ர முதுகு நோவு. ஆனால் காசை விடுங்கோ. உங்கட டாக்சியைத் தள்ள ஒவ்வொரு வருசமும் என்னையும் சேர்த்தெல்லே தள்ளினியள். எனக்கு நாப்பத்தேழு. அந்த வருசங்களை எந்தத் தையில திருப்பித் தருவியள்?"

அதற்கான வழி ஜனார்த்தனின் குழுவிலும் இருந்திருக்காது.

சோபனா குளிர்சாதனப்பெட்டி அருகே போனார். கொட்டகையில் மீந்த பரிசோதனைத் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து அங்கே வைப்பது யசீகரனின் வழக்கம். பின்பக்கத்தில் கடைச் சாமான் எழுதுவார்கள். சோபனா ஒன்றைக் கிழித்தார். பின்பக்கம் திருப்பாமல், முன்பக்கத்திலேயே எழுதினார். போனில் அந்த ஆப் இருக்கக்கூடாது. அந்தக் குறூப்பும் இருக்கக்கூடாது. சம்பளத்தில் பாதி என்ர கணக்குக்கு. மூண்டு மாதம் சமையல், உடுப்பு, வீடு உங்கட பொறுப்பு, நான் படிக்கவேணும். ராகவிக்கு நீங்களே உங்கட வாயால சொல்லவேணும். கீழே திகதி போட்டுக் கையெழுத்து வைத்து நீட்டினார்.

"இருபத்தெட்டு நாள். பிறகு பாப்பன்."

இந்தத் தாளை ஆயிரக்கணக்கான பேருக்குக் கொடுத்தவர் யசீகரன். வாங்குகிற பக்கம் நின்றது இதுதான் முதல் தரம். வரிசையை மேலிருந்து கீழே வாசித்தார். எல்லாம் நியாயமான பிழைகள்தான், அவர் பார்த்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார். கடைசி வரியில் கண் நின்றது. மகளிடம் தானே சொல்ல வேண்டிய வரி அது.

"ராகவியின்ர விசயம் மட்டும்..." அவர் அந்த வரியில் விரலை வைத்தார். "கொஞ்சம் நாள் கூட்டித் தரும். தைக்குள்ள சொல்லுறன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருடைய காதுக்கே கேட்டது. சோபனா பேனாவை மூடிக் குளிர்சாதனப்பெட்டிக்கு மேலே வைத்தார். யசீகரன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு போனை எடுத்து மகளின் இலக்கத்தை அழுத்தினார்.